ஒரு மணிக்கு உன் பெயரில் வரும் அஞ்சல்

ஏலே மாட்டுங்காக்காரா,

இன்றைக்கும் மதியம் ஒரு மணிக்கு உன் அஞ்சல் வந்தது. ஏழு ஃபைல்கள் சேர்க்கப்பட்டன, எல்லாம் நலம் என்று. அனுப்பியவர் இடத்தில் உன் பெயர். நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் ஞாயிறு தவிர ஒரு நாள் தவறுவதில்லை. உயிரோடு இருந்த காலத்தில் என் அஞ்சல் ஒன்றுக்காவது இவ்வளவு ஒழுங்காக நீ பதில் போட்டதுண்டா?

போன மாதம் நம் ஆபீஸில் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். மும்பையின் அந்தக் கோடியில் இருக்கும் சீத்தா கேம்ப்பிலிருந்து வருகிறாள், கெட்டிக்காரி. இரண்டு வாரம் உன் அஞ்சலைப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்து நின்றாள். "சார், இவரு எந்த பில்டிங்ல உக்காருறாரு? ஆளு ரொம்ப சின்சியர். ஒரு மணின்னா டாண்ணு வேலைய முடிச்சிடறாரு. ஆனா நான் ஒரு டவுட் கேட்டு மெயில் போட்டேன், ரிப்ளையே இல்ல." நான் ஏதோ மென்று விழுங்கி, அவர் வேறு இடத்தில் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு சிரிப்பு வந்தது, அடக்கவே முடியவில்லை. செத்த பிறகும் நல்ல பேர் வாங்குகிறவன் நீ ஒருத்தன்தான்.

ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. எந்தக் கம்பெனிக்காக நாம் வேலை செய்கிறோமோ அவர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். வேலையில் இல்லாத ஒருவரின் பெயரில் கணக்கு எதுவும் இயங்கக்கூடாதாம். நீ எழுதிய ஸ்கிரிப்ட், தானாக வேலை செய்யும் அந்தக் குட்டி நிரல், இன்னும் உன் பெயரையும் உன் கடவுச்சொல்லையும் வைத்துத்தான் ஓடுகிறது. அதை எடுக்கச் சொல்லி மூன்று முறை கடிதம் வந்தது. இப்போது இந்த டீமுக்கு நான்தான் பெரியவன், அதனால் என் தலையில்தான் விழும். மூன்று முறையும் அடுத்த வாரம் என்றேன். எடுத்துவிட்டால் நீ தினமும் வேலைக்கு வருகிற ஒரே இடமும் போய்விடும், அதுதான் காரணம். கடைசிக் கெடு இன்றைக்கு.

தள்ளிப்போடுவதில் நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஸ்கிரிப்டே அதனால் பிறந்ததுதானே.

செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மிட்டாய்க் கடைக்கு மேல் இருந்த அந்தப் பழைய ஆபீஸ் ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது பேர், ஆறு ஜன்னல், ஒரு சர்வர். டிராம்பே எண்ணெய் ஆலையில் டேங்கர் லாரிகள் எந்த வரிசையில் உள்ளே போகவேண்டும் என்று சொல்லும் மென்பொருள்தான் நம் பிழைப்பு. எல்லாரும் எழுதியதை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கவேண்டும். அடுத்தவன் மாற்றியதை முதலில் நம் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும், அது அப்டேட். பிறகு நாம் மாற்றியதை உள்ளே கொடுக்கவேண்டும், அது செக்-இன். சின்னப் பிள்ளைக்கும் புரியும். எனக்கும் புரிந்தது, செய்யத்தான் வரவில்லை. அதற்குப் பதில் ஒரே ஃபைலை லாரி1, லாரி2, லாரி-கடைசி, லாரி-நிஜமாகவே-கடைசி என்று பெயர் வைத்துக் குவிப்பேன்.

"ஏண்டா, உன் ஃபோல்டரைத் திறந்தா கல்யாண மண்டபத்து வாசல்ல செருப்பு தேடற மாதிரி இருக்கு" என்பாய்.

"வேலை நடக்குல்லா? அப்புறம் என்னலே?" என்பேன்.

வேலை ஒரு நாள் நடக்கவில்லை. ஒன்பது நாள் அப்டேட் செய்யாமலே இருந்துவிட்டு, உன் மாற்றங்களுக்கு மேல் என் பழைய ஃபைலைத் திணித்துவிட்டேன். டிராம்பே கேட்டில் பின்னால் நின்ற லாரியெல்லாம் முன்னால் அழைக்கப்பட்டது. டிரைவர்கள் ஹாரன் அடித்த சத்தம் போனில் கேட்டது. வேறொருத்தனாக இருந்தால் என்னைக் கிழித்திருப்பான். நீ கத்தவில்லை. அதைச் சரிசெய்துவிட்டு, அன்று மதியமே உட்கார்ந்து நாற்பது வரியில் அந்த ஸ்கிரிப்டை எழுதினாய். தினம் ஒரு மணிக்கு அது சர்வரில் எல்லாருடைய ஃபோல்டருக்குள்ளும் போகும், அப்டேட் செய்யும், பிறகு செக்-இன் செய்யும், கடைசியில் எல்லாருக்கும் ஒரு அஞ்சல் போடும்.

"முதல்ல வாங்கிக்கோ, அப்புறம் குடு. தலைகீழாப் பண்ணினா சண்டைதான்" என்றாய். என் கல்யாண வாழ்க்கைக்கும் இதைவிட நல்ல யோசனை இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

கல்யாணம் என்றதும் அந்தக் கடிதத்துக்கு வந்தே ஆகவேண்டும்.

ஜன்னல் ஓரம் அவள் உட்கார்ந்திருந்தாள். இப்போது என் வீட்டில் உட்கார்ந்து என் கணக்கைத் தீர்க்கிறவள். செம்பூரில் பிறந்து மராத்திப் பள்ளியில் படித்தவள், வீட்டில் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. எனக்கோ நெஞ்சில் இருப்பதைத் தமிழில்தான் எழுத வரும். படிக்கத் தெரியாதவளுக்குக் கடிதம் எழுதிய புத்திசாலி தாராவியில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கொடுப்பதற்காக எழுதவில்லை. எழுதிப் பார்த்தால் வாயால் சொல்லும் தைரியம் வரும் என்று ஒரு நப்பாசை. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, ஆகவே ஆபீஸ் ஃபோல்டரில், கடிதம்1, கடிதம்2 என்று வழக்கம்போல. இருபது நாள் எழுதினேன். தைரியம் வந்தபாடில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, "டிராம்பேக்கு நீ போயிட்டு வாயேன், எனக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்கு" என்று என்னை அனுப்பினாய். சாயங்காலம் நாலு மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கினேன். மாடிப்படியிலேயே நீ காத்திருந்தாய். முகம் சரியில்லை.

"ஸ்கிரிப்ட்ல சின்னத் தப்பு ஆயிடுத்துடா. உன் லெட்டரும் சேர்ந்து செக்-இன் ஆயிடுத்து. எல்லார் மெஷினுக்கும் போயிடுத்து."

"சின்னத் தப்பா? என் மானம் போச்சேலே!" என்று அங்கேயே கத்தினேன். மிட்டாய்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

என்ன நடந்தது என்று நீ சொல்லச் சொல்ல எனக்குக் காது அடைத்தது. கடிதம் உன் பெயரில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் செய்வதெல்லாம் உன் பெயரில்தானே. அவள் நேராக உன்னிடம் வந்து, "இது என்ன லெட்டர்? உங்க பேர்ல வந்திருக்கு. படிச்சுக் காமிங்க" என்றிருக்கிறாள். நீயும் ஜன்னலோரம் நின்று முழுதையும் படித்துக் காட்டியிருக்கிறாய். 'நீங்கள் லீவு போட்ட நாளில் நான் எழுதிய எதுவும் ஒழுங்காக ஓடியதில்லை' என்ற வரி உட்பட. முடித்துவிட்டு, எழுதியவன் டிராம்பேயில் இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறாய். அவள் தன் இடத்துக்குப் போய்விட்டாளாம். போதாக்குறைக்கு, நாம் எழுதுவதையெல்லாம் சோதித்துப் பார்க்கும் நம் மராத்தி அண்ணன், தமிழ் எழுத்தைப் பார்த்து ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து, 'பக்' என்று குறைப் பட்டியலில் ஏற்றிவிட்டார். 'எழுத்துகள் உடைந்து தெரிகின்றன. உடனே சரிசெய்யவும். அவசரம்.' பொறுப்பு என்ற இடத்தில் என் பெயர்.

ஐந்து நாள் உன்னோடு பேசவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ச் சாப்பிட்டேன். நீ ஒவ்வொரு நாளும் "ஸாரிடா" என்றாய், நான் ஒவ்வொரு நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் பக்கம் திரும்பவே இல்லை. குறைப் பட்டியலைத் திறக்கவும் பயம், நாளைக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள் அவளே என் மேஜைக்கு வந்தாள். "அந்த பக்கை நான் க்ளோஸ் பண்ணி அஞ்சு நாள் ஆச்சு. நீங்க பாக்கவே இல்லையா? க்யா ஆத்மி ஹை, என்ன மனுஷனோ!"

திறந்து பார்த்தேன். அன்று சாயங்காலமே, நான் மாடிப்படியில் நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவள் ஆங்கிலத்தில் எழுதி மூடியிருந்தாள்: 'சரிபார்த்தேன். இதில் பிழை எதுவும் இல்லை.'

உலகத்தில் எவனுக்கும் அப்படி ஒரு சம்மதம் கிடைத்திருக்காது. ஓடி வந்து உன் நாற்காலியைப் பிடித்து ஆட்டினேன். "வாடா, ஒரு காபி வாங்கிக் குடு" என்றாய், அவ்வளவுதான். கிங்ஸ் சர்க்கிள் வரை போய், நின்றுகொண்டே மூன்று காபி குடித்தோம். கல்யாணத்தன்று தாராவியில் பந்தியில் நீயே வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினாய். இலைக்கு இலை, "இது என் தப்பால நடந்த கல்யாணம், நன்னா சாப்பிடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே போனாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்று உன் அஞ்சல் வந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஸ்கிரிப்டைத் திறந்தேன். பதினாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. ஓடுகிறது, எதற்குத் தொடவேண்டும் என்று இருந்துவிட்டேன். எந்தெந்த மாதிரி ஃபைல்களைச் சேர்க்கவேண்டும் என்று ஒரு வரியில் பட்டியல் போட்டிருக்கிறாய். எல்லாம் நிரல் ஃபைல்கள். வெறும் எழுத்து ஃபைல் எதுவும் அதில் இல்லை. என் கடிதம் வெறும் எழுத்து ஃபைல்தானே, அது எப்படிப் போயிற்று என்று யோசித்தேன். ஸ்கிரிப்டையும் நீ மற்றவற்றோடு அங்கேயே சேர்த்து வைத்திருந்ததால் அதன் பழைய வரலாறு முழுதும் இருந்தது. செக்-இன் குறிப்பில் என்ன செய்தோம் என்று எழுதாதே, ஏன் செய்தோம் என்று எழுது என்று எங்களை அரித்தெடுப்பாயே, நீயும் ஒரு மாற்றத்துக்குக்கூடக் குறிப்பு எழுதாமல் விட்டதில்லை.

அந்தத் திங்கட்கிழமை, காலை பதினொரு மணி. நான் டிராம்பே பஸ்ஸில் இருந்திருப்பேன். பட்டியலில் எழுத்து ஃபைலைச் சேர்த்திருக்கிறாய். குறிப்பு: 'எத்தனை நாள்தான் தள்ளிப்போடுவான்? இன்னிக்கு அனுப்பிடுவோம்.'

மறுநாள் காலை அதை எடுத்திருக்கிறாய். குறிப்பு: 'போய்ச் சேர்ந்தது. இனி வேண்டாம்.'

அடப் பாவி.

உடனே அவளுக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும், "அன்னைக்கு உன் லெட்டர ஒரு எடத்துல கூட தடுமாறாம படிச்சாரு. நாலு தடவ படிச்ச மாதிரி. எனக்கு அப்பவே டவுட்டு" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. எனக்கும்தான்.

ஐந்து நாள் என் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு ஸாரி சொல்லிக்கொண்டிருந்தாயே, ஒரு நாளாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் நேரில் வந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாய். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். போனில் நீ சிரித்தாய், "நீயா? வா வா" என்று. வியாழக்கிழமையே போய்விட்டாய். அதற்கு என்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை, அதைப் பற்றி உன்னோடு வாதம் வேண்டாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சீத்தா கேம்ப் பெண்ணைக் கூப்பிட்டேன். பக்கத்தில் உட்காரவைத்து நீ யார் என்று சொன்னேன். லாரிகளையும் சொன்னேன், கடிதத்தையும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ இல்லை என்றதும் எழுந்து நின்றுவிட்டாள். அவள் உனக்கு அனுப்பிய சந்தேகத்தை வாங்கி, அங்கேயே பதில் சொன்னேன். நீயாக இருந்தால் இன்னும் சுருக்கமாகச் சொல்லியிருப்பாய்.

பிறகு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உன் பெயரை எடுத்து என் பெயரைப் போட்டேன். குறிப்பு எழுதும் இடத்தில் இப்படி எழுதினேன்: 'பதினாலு வருஷமாக ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. இனி எடுத்துக்கொள்ளட்டும்.'

நம் மராத்தி அண்ணனுக்கு முழங்காலில் ஆபரேஷன். சயான் பக்கம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். வேலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று நேற்றுவரை இருந்தேன். இப்போது மணி நாலரை. கடிதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், பஸ்ஸைப் பிடிக்கவேண்டும்.