அடோங்கோ அம்மா சொன்ன சாட்சி

அடேய் துரோகி,

நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை. உன் அக்காவிடம் கெஞ்சித்தான் இந்த முகவரியை வாங்கினேன். கேமராவும் அலாரமும் பொருத்தும் உரிமம் நேற்று எனக்குக் கிடைத்துவிட்டது.

தேர்வில் தேறியும் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். போலீசில் பத்து விரல் ரேகையும் கொடுத்தேன். அதிலும் குறையில்லை. ஆனால் என் கோப்பைப் பார்த்தாலே உரிம அலுவலக அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"அலாரத்தோட ரகசிய எண்ணைத் திருடனுக்கு வித்தவன் உன் கூட்டாளிதானே? உன்னை எப்படிப்பா நம்புறது?"

நம் கிசுமு ஊர் முழுக்க இதே கேள்விதான். நீ எல்லை தாண்டிக் கம்பாலாவுக்கு ஓடிவிட்டாய். உன் அவமானத்தை நான் சுமந்தேன்.

மூன்றாம் முறை நான் போனபோது அடோங்கோ அம்மா அங்கே உட்கார்ந்திருந்தார். ஆமாம், நீ காட்டிக்கொடுத்த அதே வீட்டுக்காரி. மீன் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

"களவு போனது என் வீடு. எனக்கே இவன் மேல சந்தேகம் இல்ல, உங்களுக்கு என்ன சார்? கையெழுத்தைப் போடுங்க."

அதிகாரி பேனாவை எடுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்டதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. "அந்தப் பய ஒழுங்கா சாப்பிடுறானா? வேலை ஏதும் கிடைச்சுதா?"

நான் என்னடா சொல்வேன்? தெரியாது என்று சொல்ல நாக்குக் கூசியது.

நீயே வந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல். பேருந்து நிலையத்துக்கு நான் வருகிறேன். அவர் வீட்டு வாசல்வரை கூடவே நடக்கிறேன். உள்ளே நீ தனியாகத்தான் போக வேண்டும்.

ஆத்திரம் அடங்காத,
உன் கூட்டாளி