முக்கு மரத்து மங்கு

மாமா,

இன்று காலை சாமி மேடைக்குப் பின்னாலிருந்து உங்கள் மங்குக் கோப்பையைத் தேடி எடுத்தேன். கித்தா மரத்தில் ரப்பர் பால் பிடிக்கக் கட்டுகிற அதே பீங்கான் மங்குதான். கழுவினேன். இத்தனை வருஷம் கழித்தும் ஈரம் பட்டவுடன் அந்தப் புளித்த வாடை வருகிறது. பெருமாள் ஐயாவை அவர் மகன் மதியம் அழைத்து வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தான்.

சுங்கை சிப்புட் தோட்டத்தில் நீங்கள் பால் வெட்டிய மர நிரையும் அவர் வெட்டிய நிரையும் முட்டுகிற முக்கில் ஒரு மரம். அது யாருடையது என்று இருபது வருஷம் சண்டை. விடியக்காலை பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் ஆரம்பித்தால், பால் நிறுக்கிற கொட்டகை வரைக்கும் ஓயாது. நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம், இன்றைக்குக் கொலை விழப்போகிறது என்று நடுங்கினேன். அத்தை சிரித்துக்கொண்டே, "பயப்படாத புள்ள, அதுங்களுக்கு இது இல்லாட்டி சோறு எறங்காது" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அத்தை தவறிப்போனார். அடுத்த வருஷமே தோட்டத்தை விற்றுவிட்டார்கள். மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். உங்கள் மகன் உங்களை ஈப்போ டவுனுக்குக் கூட்டி வந்தபோது, அந்த மரத்து மங்கை மடியில் கட்டிக்கொண்டு வந்தீர்கள். சாட்சியாம்!

ஆறு மாதத்தில் சாய்வு நாற்காலியும் எதிர்ச் சுவரும்தான் உங்கள் உலகம் என்றாகிவிட்டது. சட்டை தோளில் தொங்கியது. ஒரு நாள் குழம்பில் கைதவறி இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். ஒரு கல் உப்புக் கூடினால் தட்டைத் தள்ளுகிற மனுஷர், இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்றீர்கள். மறுநாளே உங்களை டாக்டரிடம் கூட்டிப் போனோம்.

டாக்டர் இது மனச்சோர்வு, வயதானவர்களுக்கு வரக்கூடிய நோய்தான் என்று மாத்திரை கொடுத்தார். தனியாக விடாதீர்கள் என்றார். நான் பெரிய கெட்டிக்காரி, வீட்டையே கோயில் மாதிரி அமைதியாக்கினேன். ரேடியோவை அணைத்தேன். நீங்கள் எது சொன்னாலும் சரி மாமா, சரி மாமா. உங்களை எதிர்த்து ஒரு சொல் பேச வீட்டில் ஆளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமாள் ஐயா பஸ் ஏறி வந்தார். வாசலில் நின்றே, "எங்க அந்த மரத் திருடன்?" என்று குரல் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பிக் கதவைத் திறக்காமலே, அவருக்கு உடம்பு சரியில்லை, தொந்தரவு பண்ணாதீர்கள் என்று அனுப்பிவிட்டேன். திரும்பினால் நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடம் வரை வந்து நிற்கிறீர்கள். பல நாளாகத் தானாக எழுந்து நடக்காதவர்.

"யாரு வந்தது?"

"யாரும் இல்ல மாமா."

நீங்கள் திரும்பிப் போய் உட்கார்ந்தீர்கள். அன்றும் மறுநாளும் கஞ்சிகூடத் தொடவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

மூன்றாம் நாள் நானே சுங்கை சிப்புட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். "மன்னிச்சிருங்க ஐயா. வந்து சண்டை போடுங்க" என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் சட்டையை மாட்டினார்.

உங்கள் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று, "முக்கு மரம் என்னோட நெரை. ஒத்துக்க" என்றார். நீங்கள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இதுவும் பலிக்காவிட்டால் இனி யாரைக் கூப்பிடுவேன் என்று நினைத்தேன். அவர் இன்னொரு முறை சொன்னார். நீங்கள் சுவரை விட்டு அவர் பக்கம் திரும்பினீர்கள்.

"ஒங்கப்பன் வந்து நட்டானா?"

சாயங்காலம் தேத்தண்ணீரில் சீனி பத்தவில்லை என்று என்னைத் திட்டினீர்கள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அதற்குப் பிறகு மாத்திரையும் நிற்கவில்லை, ஞாயிறுதோறும் பெருமாள் ஐயா வருவதும் நிற்கவில்லை. நாலு வருஷம் இருந்தீர்கள். உறக்கத்திலேயே போனீர்கள்.

இன்று அவரை உங்கள் நாற்காலியில் உட்கார வைத்தேன். இளைத்துப் போயிருக்கிறார். தேத்தண்ணீர் ஆறிப்போய் ஆடை கட்டியது. மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு மாசமா அப்பாகிட்ட பேச்சே இல்லக்கா. நாங்க எதுத்து ஒரு வார்த்தை பேசறதில்ல" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

பெரியவர்கள் முன்னால் குரல் உயர்த்திப் பேசி எனக்குப் பழக்கமில்லை, உங்களுக்குத் தெரியும். மங்கைக் கொண்டுபோய் அவர் முன்னால் டக்கென்று வைத்தேன்.

"ஐயா, முக்கு மரம் எங்க மாமாவோட நெரைதான்."

அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மகன் பதறிப்போய் எனக்குக் கண் காட்டினான். நான் நகரவில்லை. உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன் மாமா.

"ஒனக்கு என்ன தெரியும் லா?" என்றார் கடைசியில். "நீ வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடி உள்ள கதை இது."

"எல்லாம் தெரியும். சொல்லுங்க பாப்போம்" என்று எதிரில் உட்கார்ந்தேன். விளக்கு வைக்கும் வரை அவர் சண்டையை விடவில்லை. டாக்டரிடம் காட்டச் சொல்லி மகனிடம் விவரம் கொடுத்திருக்கிறேன். வரும் ஞாயிறும் வருகிறார்கள்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அந்த மரம் அவருடையதுதான். அத்தையே ஒரு நாள் என்னிடம் சொல்லியிருக்கிறார். பெருமாள் ஐயாவிடம் மட்டும் சாகும்வரை ஒத்துக்கொள்ள மாட்டேன்.