பதினொன்றாவது ஆள்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் வீடும் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி குறையில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய், குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாய் என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன். பயணம் எப்படி இருந்தது என்று போனில் நீ கேட்டபோது, பிரமாதம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது பொய்யில்லை, ஆனால் முழுதாகவும் சொல்லவில்லை. பேச்சில் வராதது எழுத்தில் வருமா பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆரம்பித்து வைத்தது உன் அத்தைதான். உன் அம்மா போய் மூன்று வருடமாகிறது. அதுக்கப்புறம் நாம எல்லாரும் சேர்ந்து எங்கயுமே போகலையே தம்பி என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். யார் ஏற்பாடு செய்வது என்று பேச்சு வந்ததும் உன் சித்தப்பா, "முப்பத்தஞ்சு வருஷம் டிப்போவுல டைம்கீப்பரா நின்னு பஸ் அனுப்பின ஆளு நீ, உனக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடுண்ணே" என்றான். எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. தெருமுனையில் டிராவல்ஸ் வைத்திருக்கிற பெண், எங்ககிட்ட விட்டுடுங்க சார், உங்களுக்கு அலைச்சல் மிச்சம் என்றாள். நம்ம வீட்டு ஆளுங்களைக் கூட்டிட்டுப் போக ஏஜென்ட் எதுக்கும்மா என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

பதினோரு பேர். இரண்டு மாதம் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிறதே என்று முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் அத்தனை பேரில் ஒருவர்கூட நீ சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை, எந்த சீட்டு, எத்தனை மணி, வெந்நீர் வருமா, இவ்வளவுதான். லாட்ஜில் ஏரியைப் பார்த்த அறை இரண்டே இரண்டு. நடக்க முடியாத மாமாவுக்கு ஒன்று கொடுத்தேன், கைக்குழந்தைக்காரி என்று அத்தை மகளுக்கு மற்றொன்றைக் கொடுத்தேன். சித்தி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால், "உங்க அண்ணன் கண்ணுக்கு அவரு அக்கா வீட்டு ஆளுங்கதான் தெரிவாங்க" என்று அவள் சித்தப்பாவிடம் சொன்னது சுவர் தாண்டி எனக்குக் கேட்டது. எனக்குக் காய்ச்சல் என்றால் முதல் ஆளாக வந்து நிற்கிறவள் அவள். அன்றிலிருந்து என் முகம் பார்த்துப் பேசவில்லை. அந்த டிராவல்ஸ் பெண் ஏற்பாடு செய்திருந்தால் அவளைத் திட்டிவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம். ஏஜென்ட் வாங்குகிற கமிஷன் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

மூன்று நாளும் அவர்கள் படகில் போனபோது நான் டிக்கெட் வரிசையில் நின்றேன், அவர்கள் தூங்கியபோது டிரைவர்களோடு மறுநாள் வழியைப் பேசிக்கொண்டிருந்தேன். போட்டோக்களை உனக்கு அனுப்பியிருப்பார்கள். நான் எதிலும் இருக்கமாட்டேன், எடுத்தவன் நான்.

கிளம்புகிற காலையில் இரண்டு வேன் நின்றன. என் பையை, போனோடு சேர்த்து, முதல் வேனில் வைத்துவிட்டு எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று எண்ணினேன். மாமா காது மெஷினைத் தலையணைக்குக் கீழேயே விட்டுவிட்டார் என்று அத்தை கத்தினாள். நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு இறங்கிவந்தால் இரண்டு வேனையும் காணவில்லை. முன்னால் போனவர்கள் நான் பின்னால் வருகிறேன் என்றும், பின்னால் போனவர்கள் முன்னால் இருக்கிறேன் என்றும் நினைத்திருக்கிறார்கள். வரவேற்பறைப் பெண் போனை என் பக்கம் தள்ளி, யாருக்காவது பேசுங்கய்யா என்றாள். யோசித்துப் பார்த்தேன் பாப்பா, எல்லா எண்ணும் பைக்குள் இருந்தது. மனப்பாடமாக இருந்தது ஒரே ஒரு எண்தான், உன் அம்மாவுடையது. என்ன நினைத்தேனோ, அதையே அழுத்தினேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, எடுக்கலம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே ஏரி. பரவாயில்லை, அழகாகத்தான் இருந்தது. இதோ பார் என்று காட்ட பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரம் கழித்து சித்தப்பா வந்தான். வழியில் சாப்பாட்டுக் கடையில், எத்தனை பேர் என்று சர்வர் கேட்டிருக்கிறான். பதில் சொல்ல வேண்டியவன் எங்கே என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது. "நீதானே எப்பவும் எண்ணுவ, எங்களுக்கு எப்படிண்ணே தோணும்" என்றவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. இப்போது எல்லோரும் டைம்கீப்பரையே விட்டுட்டு வந்துட்டோம் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சித்தி மட்டும் சிரிப்பதில்லை. நேற்று வந்து, என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அத்தை அடுத்த வருடத்துக்கு இடம் பார்க்கச் சொல்கிறாள். யோசிக்கிறேன் என்றேன். அவளிடம் நான் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. நீயும் போனில், லீவில் வரும்போது எங்காவது போகலாம், நீங்களே பிளான் பண்ணுங்கப்பா என்றாய். வேண்டாம் பாப்பா. அதற்குப் பதிலாக நீ எனக்கு ஒரு டிக்கெட் போடு, நீ இருக்கிற இடத்துக்கு. எந்த வண்டி, எத்தனை மணி, எங்கே இறங்குவது, எல்லாம் நீயே முடிவு செய். ஜன்னல் ஓரம் என்றால் போதும். தோதுப்படாது என்றால் தயங்காமல் சொல்லிவிடு, மனதில் வைத்துக்கொள்ளமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் நல்ல மனதுக்கு நல்லதே நடக்கும், நீ நிறைவாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. பல் டாக்டரிடம் போவதை இன்னும் தள்ளிப்போடாதே. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், பாஸ்போர்ட் போன செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. விண்ணப்பித்ததே யாருக்கும் தெரியாது. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அப்பா