என் ஓட்டு, உங்கள் வாக்கு

சித்தூர், 1937
ஓட்டுநாள் காலை

யூனிஸின் நைனாவுக்கு,

நான் முன்னாலேயே கிளம்பிவிட்டேன். களி அடுப்போரம் மூடியிருக்கிறது. நம் யூனிஸைச் சாப்பிடவைத்து, சாவியோடு கமலம்மா வீட்டில் விட்டுவிடுங்கள்.

எட்டு மணிக்கு உங்கள் சிநேகிதர் சாந்தகுமார், தன் கட்சி ஜட்காவில் நம்மை அழைத்துப்போக வருவார். அவருக்குக் காப்பி கொடுத்து, நான் நடந்தே போய்விட்டதாகச் சொல்லுங்கள். "எங்க வூட்டு ரெண்டு ஓட்டும் உனுக்குத்தான்" என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவரிடம் வாக்குக் கொடுத்தீர்களே, அதில் ஒன்று என்னுடையது. பட்டியலில் பெயர் சேர்க்க மூன்று முறை தாலுகா கச்சேரிக்கு நடந்தவள் நான். "இன்னாத்துக்கும்மா உனுக்கு இது?" என்ற குமாஸ்தாவுக்கும் நானேதான் பதில் சொன்னேன்.

நேற்று நீங்கள் சாப்பிடாமல் படுத்தது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதற்காக ஓட்டை மாற்றமாட்டேன்.

கிருபாபாய்

பி.கு. வெயில் ஏறிவிடும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள். நானும் கேட்கமாட்டேன்.

இன்னொன்று. கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. பெண்கள் வரிசை தனியாம். சீக்கிரம் வந்து, என் கண்ணில் படுகிற இடத்தில் நில்லுங்கள்.