சேகரின் மெஷின் நிற்கும் வரை

அன்புள்ள லாரன்ஸ் அண்ணே,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. மனசுக்குள் உன்னோடு பேசாத நாள் இல்லை. ஆனாலும் இதை எழுதித்தான் ஆகவேண்டும் என்று தோன்றியது. மரவேலை செய்கிறவர்கள் யாராவது படித்தால் நல்லது என்றும் தோன்றியது. அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அண்ணி நன்றாக இருக்கிறாள். எஸ்டேட் டீக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மலை பார்க்க வருகிறவர்களுக்குத் தேநீரும் கேக்கும் எடுத்துக் கொடுக்கிறாள். பட்டறையைத்தான் நான் திறக்கவில்லை. எஸ்டேட் லயத்து வீடுகளுக்குக் கீழே, பழைய அரிசி ஸ்டோரில், நீ விட்டுப்போனபடியே கிடக்கிறது. நீ போன அன்றைக்கு நான் உப்புத்தாள் வாங்க பிரிஞ்சாங் டவுனுக்குப் போகாமல் இருந்திருந்தால் உன் பக்கத்தில்தான் நின்றிருப்பேன். இல்லையா?

மரம் சீவுகிற உன் மெஷினில் உடைந்து பறந்து உன் மேல் பாய்ந்த கத்தியின் ஒரு துண்டைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். தூக்கிப் போடச் சொன்னாள் அண்ணி. என்னால் முடியவில்லை. அது ஏன் உடைந்தது என்று யாராவது சொல்லவேண்டும் என்றிருந்தது. போன மாதம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, பிரிஞ்சாங்கில் கதவு செய்கிறவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உடைந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"பாரும்மா. பாதி கறுத்திருக்கு, பாதி பளபளன்னு இருக்கு. பளபளன்னு இருக்கிறது அன்னிக்கு உடைஞ்சது. கறுத்தது முன்னாடியே விட்டுப்போன இடம். இந்தக் கத்தி உள்ளுக்குள்ள விரிசலோடதான் ஓடியிருக்கு. யார் அடிச்ச கத்தி?"

யார் அடித்தது என்று எனக்குத் தெரியாதா? கோலா தெர்லாவில் கொல்லுப்பட்டறை வைத்திருக்கிற மணியண்ணன். தோட்டக்காரர்களுக்கு மண்வெட்டி, நம் மாதிரி ஆட்களுக்கு உளி, மெஷின் கத்தி எல்லாம் லோரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தருகிற அதே மணியண்ணன். உன் அடக்கத்துக்கு வந்து, கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனவர்.

மறுநாள் காலையில் அவரிடம் போனேன். டின்னைத் திறந்ததும் அவர் கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது. துண்டை அவர் தொடவேயில்லை.

"நெனச்சேன், தங்கச்சி. நான்தான் கெடுத்துட்டேன்."

பிறகு மெதுவாகச் சொன்னார். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் அது கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மறுபடியும் இளஞ்சூட்டில் நிறைய நேரம் வைத்து எடுத்தால்தான் அடியைத் தாங்கும். அந்த இளஞ்சூட்டை அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். "மூணு நாள் கேட்டேன். மறுநாளே வேணும்னு லாரன்ஸ் நின்னுட்டான். நானும் சரி போன்னு குடுத்துட்டேன், லா."

எழுந்து கிளம்பப் போனேன். அப்போதுதான் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு ஜோடி அடிச்சேன், தங்கச்சி. ஒரே பட்டை. ஒரே நெருப்பு. இன்னொரு ஜோடி திரிங்காப்ல மரப்பட்டறை வச்சிருக்கிற சேகர்கிட்ட இருக்கு."

"இப்பவும் ஓட்டுறானா?"

ஆமாம் என்று தலையாட்டினார்.

சேகருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. காதடைப்பு மாட்டிக்கொண்டு மெஷினில் நிற்கிறவனுக்குப் போன் எப்படிக் கேட்கும்? அவன் எடுக்காததே அவன் மெஷின் ஓட்டுகிறான் என்பதற்குச் சாட்சி. மணியண்ணனைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பக்கத்து ஊர்தான். ஆனால் முன்னால் முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி, அதற்கு முன்னால் இன்னொரு லோரி. வளைவுக்கு வளைவு பனிமூட்டம். முந்தவும் முடியவில்லை, பின்னாலேயே ஊர்ந்துபோகவும் மனசு கேட்கவில்லை. மாதாவே, மாதாவே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஓட்டினேன். மணியண்ணன் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சேகரின் பட்டறைக்கு வெளியிலேயே அந்தச் சத்தம் கேட்டது, அண்ணே. உன் மெஷினின் அதே சத்தம். மரம் கத்தியில் படும்போது குரல் மாறுமே, அதுவும். எட்டு மாதம் கழித்துக் கேட்கிறேன்.

வாசலில் நின்று பார்த்தோம். சேகர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நீளமான மெராந்திப் பலகை ஒன்றைத் தள்ளிக்கொண்டிருந்தான். மணியண்ணன் கத்துவதற்கு வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். நீதானே எனக்குச் சொன்னது, மெஷினில் கை வைத்திருக்கிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடாதே, திடுக்கிட்டால் விரல் போய்விடும் என்று? மெயின் சுவிட்ச் அவன் பக்கத்துச் சுவரில், அவனை உரசிக்கொண்டுதான் போகமுடிகிற இடத்தில் இருந்தது. அவன் கண்ணில் படவேண்டுமென்றால் மெஷினுக்கு எதிர்ப்புறம் போய் நிற்கவேண்டும். கத்தி பறந்தால் வருகிற பக்கமும் அதுதான்.

"நான் போறேன்" என்றார் மணியண்ணன். ஆனால் அவர் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. தடுக்கி விழுந்தாலும் போச்சு. நான் போனேன்.

சுவரோடு ஒட்டி ஒட்டிப் போய் எதிரில் நின்றேன். பலகை இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. சேகர் நிமிரவில்லை. அவன் கண் மரத்தில்தான் இருந்தது, இருக்கவும் வேண்டும். சீவல் என் காலில் வந்து விழுந்தது. அந்தக் கத்தி என் நெஞ்சு உயரத்தில், கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு நிமிடம்கூட இருக்காது. உனக்குக் கடைசியாக என்ன தெரிந்தது, அண்ணே? ஏதாவது சத்தம் மாறியதா? உனக்குப் பயப்பட நேரம் இருந்ததா? அந்த நிமிடம் முழுக்க இதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றேன். கண்ணை மூடவும் பயம், திறந்திருக்கவும் பயம்.

பலகை முடிந்தது. சேகர் நிமிர்ந்தான். நான் இரண்டு கையையும் தூக்கி, நிறுத்து என்று காட்டினேன். அவன் சுவிட்சை அமுக்கினான். சுற்றல் அடங்கும்வரை நான் நகரவில்லை. அடங்கிய பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னக்கா, பேயப் பாத்த மாதிரி உக்காந்துட்டீங்க?" என்று சிரித்துக்கொண்டே வந்தான் சேகர். திரும்பி வாசலில் மணியண்ணனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மணியண்ணன் எதையும் மறைக்கவில்லை. சேகர் முதலில் நம்பவில்லை. "மாசக்கணக்கா ஓடுது, ஒன்னும் ஆவல. சும்மா பயங்காட்டாதீங்க, லா" என்றான். மணியண்ணன் கெஞ்சிக் கேட்டுக் கத்திகளைக் கழற்ற வைத்தார். இரண்டையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைப் பூசினார். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் கத்தி வெள்ளையாகவே இருந்தது. இரண்டாவதில், திருகு பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு கோடு கசிந்து மேலே வந்தது. விரிசலுக்குள் போயிருந்த எண்ணெய்.

சேகர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து என் பொண்டாட்டி அங்கதான் நின்னா, அக்கா. நீங்க நின்ன எடத்துல" என்றான். அப்புறம், "மணியண்ணே, கொஞ்ச நேரம் வெளிய போய் நில்லுங்க. இப்ப நான் ஏதாவது செஞ்சிருவேன்" என்றான். மணியண்ணன் போய், அப்போதுதான் தூறத் தொடங்கியிருந்த மழையில் நின்றார்.

திரும்பும்போது காரில் கேட்டேன். "இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"பயம், தங்கச்சி. சொன்னா லாரன்ஸ நான்தான் கொன்னேன்னு ஆயிடும். தெனம் காலையில இந்த ரோட்டுல வந்து வண்டிய நிறுத்திக் கேப்பேன். மெஷின் சத்தம் கேட்டா, சரி, சேகர் உசுரோட இருக்கான்னு திரும்பிடுவேன்."

காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். அவரை அங்கேயே இறக்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். இறக்கிவிடவில்லை. ஏன் என்று அண்ணிக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன்.

நீ மறுநாளே வேண்டும் என்று அவரிடம் நின்றது, நான் நாள் சொல்லிவிட்டதால்தானே? ஜன்னல் சட்டம் கேட்டு வந்த ஹோட்டல்காரரிடம், உன்னைக் கேட்காமலே, "வெள்ளிக்கிழமை ரெடியாயிடும்" என்று சொன்னது நான். நீ என்னைத் திட்டவில்லை. "சொல்லிட்டியா? சரி, பாத்துக்கலாம்" என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோலா தெர்லா போனாய். இது நம் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். மணியண்ணனுக்குக்கூடத் தெரியாது.

இப்போது அவர் பட்டறை பட்டறையாகப் போய், தான் அடித்த கத்திகளைக் கழற்றச் சொல்லித் திரும்ப வாங்குகிறார். சிலர் திட்டுகிறார்கள். ஒருவர் அடித்தேவிட்டார். எங்கேயும் நீ அவசரப்படுத்தியதை அவர் சொல்வதில்லை. கூடப் போய்ப் பார்க்கிறேன், அதனால் தெரியும். அண்ணியோ, "அந்த ஆளு மூஞ்சியில நான் முழிக்கமாட்டேன்" என்கிறாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் பாத்திரம் கழுவப் போய்விடுகிறேன்.

அவர் ரோட்டோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்ததற்கும், நான் அடுப்படியில் தண்ணீரைத் திறந்துவிடுவதற்கும் என்ன வித்தியாசம், அண்ணே?

அண்ணிக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. எனக்கும் அவளை விட்டால் யாரும் இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தாலே, சேகரின் மெஷினுக்கு எதிரில் நின்றதைவிடப் பயமாக இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், அவளை உட்காரவைத்து, அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா