உன் அம்மா இன்னும் சாப்பிடவில்லை

அம்மா மண்டபம் ரோடு,
ஸ்ரீரங்கம்.

அன்பு மகள் சுபஸ்ரீக்கு அப்பா எழுதுவது. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க ரெங்கநாதர் துணை இருப்பார். இங்கே உன் அம்மா சௌக்கியம். என்னைப் பற்றியும் அதையே எழுதிவிடலாம், ஆனால் என் கையெழுத்து போகிற போக்கைப் பார்த்தே நீ கண்டுபிடித்துவிடுவாய். போனில் பேசினால் என் பேச்சு உனக்குப் புரியவில்லை, நீ அந்தப் பக்கம் அழுகிறாய், எனக்கு இந்தப் பக்கம் கோபம் வருகிறது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் போன் உன் அம்மா கையில்தான் இருக்கிறது. அவள் கண்ணில் இது படக் கூடாது. கடைக்குப் போயிருக்கிறாள், அதற்குள் எழுதி முடித்து எதிர்வீட்டு ரஞ்சித்திடம் தபாலில் சேர்க்கக் கொடுக்க வேண்டும்.

பக்கவாதம் வந்து கை கால் தேறிவிட்டது என்று உன்னிடம் சொன்னது பொய்யில்லை, தொண்டைதான் தேறவில்லை. வாய்க்கு வாய் புரை ஏறியது. உன் அம்மா உச்சந்தலையில் தட்டித் தட்டி, சுபாதான் நெனைக்கிறா என்று சந்தோஷப்பட்டுக்கொண்டாள். அப்படிப் பார்த்தால் நீ அங்கே வேலைவெட்டி இல்லாமல் நாள் முழுக்க என்னையே நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். கடைசியில் காய்ச்சலும் மூச்சிரைப்புமாகத் தில்லை நகர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே பெலிண்டா என்று ஒரு பெண், நோயாளி சரியாக விழுங்குகிறானா என்று சோதிப்பதுதான் அவள் வேலை. ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள், பிறகு டம்ளரில் கொடுத்தாள், கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். நானும் இருமலை அடக்கிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன். ஆ சொல்லுங்கய்யா என்றாள், சொன்னேன், குரல் களகளவென்று வந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் இல்லாதவனை முழியைப் பார்த்தே பிடித்த செக்கிங் இன்ஸ்பெக்டரான என்னை அவள் ஒரே எழுத்தில் பிடித்துவிட்டாள். தண்ணி வயித்துக்குப் போகாம நுரையீரலுக்குள்ள போகுதுங்கய்யா, அதான் காய்ச்சல் என்றாள். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று தலைமாட்டில் அட்டை மாட்டினார்கள். மூக்கில் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றலாம் என்றதற்கு, வாயால் சாப்பிடாத உயிர் எதற்கு என்று வீம்பு பிடித்துத் தலையை ஆட்டிவிட்டேன். வெறும் டிரிப்ஸில் கிடந்தேன்.

அந்த அட்டை எனக்கு மட்டும்தான் என்று எல்லோரும் நினைத்தோம். உன் அம்மாதான் உனக்குத் தெரியுமே, நான் டியூட்டி முடிந்து பொழுது சாயும் நேரத்துக்கு வந்தாலும் எனக்குப் போட்டுவிட்டுத்தான் அவள் தட்டு எடுப்பாள். எவ்வளவோ திட்டியிருக்கிறேன், காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ஆஸ்பத்திரியில், கேன்டீன்ல சாப்ட்டு வந்துட்டேங்க என்று தினமும் புளுகியிருக்கிறாள். சர்க்கரை மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டிருக்கிறாள். ஒரு காலையில் என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே கட்டிலோரம் சரிந்து விழுந்தாள். எனக்குக் கத்த வரவில்லை சுபா. அவள் பெயரைச் சொல்லப் பார்த்தேன், வெறும் காற்றுதான் வந்தது. கட்டில் கம்பியில் டம்ளரால் படபடவென்று தட்டினேன், பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி சந்திரம்மாள் ஓடிவந்து நர்ஸைக் கூப்பிட்டாள். சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது, குளுக்கோஸ் ஏற்றித்தான் எழுப்பினார்கள். ஏம்மா சாப்பிடல என்று நர்ஸ் சத்தம் போட்டதற்கு, அவரு வாயில பச்சத்தண்ணி படல, எனக்கு எப்படிங்க எறங்கும் என்றாள். பாவி மனுஷி. நான் அழுததை அன்றுதான் அவள் முதல்முறை பார்த்தாள்.

அன்றே குழாய் போடச் சொல்லி எழுதிக் காட்டினேன். பெலிண்டா மறுபடி சோதித்தும் தொண்டை சரிப்படாததால் இப்போது வயிற்றிலேயே துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். உன் அம்மா என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, வடிகட்டின கஞ்சியை நிதானமாக ஊற்றுவாள். வயிறு நெறஞ்சுதாங்க என்பாள். நான் தலையாட்டிய பிறகுதான் அடுப்படிக்குப் போவாள். எனக்குப் பசியே தெரிவதில்லை, ருசியும் போய்விட்டது. அவள் சாப்பிட வேண்டுமே என்றுதான் வேளாவேளைக்கு வயிற்றைக் காட்டிக்கொண்டு உட்காருகிறேன்.

டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதை அவளுக்குச் சொல்லவில்லை. என் எச்சில்கூட நுரையீரலுக்குள் போகிறதாம், காய்ச்சல் திரும்ப வரும், இன்னொரு தடவை உடம்பு தாங்குவது கஷ்டம் என்றார். எனக்குச் சாவுக்குப் பயமில்லை என்று பெருமை பேச மாட்டேன், பயம்தான். ஆனால் அதைவிட, நான் போன பிறகு உன் அம்மா யாருக்குப் போட்டுவிட்டுச் சாப்பிடுவாள் என்பதுதான் பெரிய பயம்.

அதனால் ஒன்று செய்யம்மா. இங்கே மதியச் சாப்பாட்டு வேளை உனக்கு அங்கே சாயங்காலம். தினமும் அந்த நேரத்தில் வீடியோவில் வந்து, அவள் பார்க்க நீ இரண்டு வாய் சாப்பிடு. நான் சாப்ட்டேம்மா, இப்ப நீ சாப்பிடு என்று சொல். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஆரம்பித்துவிடு, நான் இருக்கும்போதே அவளுக்குப் பழகட்டும். ஏன் என்று கேட்டால் எதையாவது சொல்லிச் சமாளி, உனக்கா சொல்லித்தர வேண்டும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இருவரும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும். அவள் தட்டு காலியாகிற வரைக்கும் போனை வைத்துவிடாதே.

உன் அப்பா,
வெ. நல்லதம்பி