உப்பில் வேலை செய்யாத கரி

என் செல்லக் கழுதை அண்ணனுக்கு,

மண்ணுக்குள்ள போயிட்டதால என்னைத் திட்ட முடியலையேன்னு பல்லைக் கடிச்சிட்டு இருப்ப. கடி. இங்க திட்டுறதுக்கு ஆளே இல்ல, போரடிக்குது.

கெட்ட சேதியை முதல்ல சொல்லிடுறேன். அம்மா குதிகால் வெடிப்பு ஆழமாயி சீழ் வைக்குது. உனக்கும் அப்படித்தானே ஆரம்பிச்சுது? உன்னை மாதிரியே அவங்களும் உப்புப் பாத்தித் தண்ணியில நின்னே புண்ணை ஆத்திடுவாங்களாம். "உப்புல போட்ட கருவாடு கெடுதாடி? அப்புறம் காலு எப்படிக் கெடும்?"னு என்னையே மடக்குறாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, "உங்கண்ணன் போயி என்னத்தக் கண்டான்?"ங்கிறாங்க. நீ போனதே லேட்டு, அதுக்குள்ள மருந்துக்கு அடங்காத கிருமி ரத்தத்துல கலந்துட்டுதுன்னு சொன்னா, காதுல வாங்கினாத்தானே.

உன் கூட்டாளி செல்வம் அண்ணன் வந்திருந்தாரு. பாண்டிச்சேரி காலேஜ்ல கிருமி ஆராய்ச்சியாம். கரியாலயே முடியைவிட மெல்லிசா குழாய் இருக்குதாம், நானோவாம். "நானோ நீயோ, விஷயத்துக்கு வாங்கண்ணே"ன்னேன். அது பட்டா கிருமியோட தோலு கிழிஞ்சு, உள்ள இருக்கிறது வெளிய கொட்டிடுதாம். மருந்துக்கு அடங்காததுகூட சாகலாமாம். ஒரு நிமிஷம் நீயே எழுந்து வந்த மாதிரி இருந்துது.

"அம்மா காலுக்குக் கொஞ்சம் குடுங்கண்ணே."

அவரு முகம் சுருங்கிடுச்சு. "நல்ல தண்ணியிலதாம்மா வேலை செய்யுது. உப்பு கலந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கட்டியாயி, அடியில போயி உக்காந்துக்குது. கிருமி பாட்டுக்கு மேல நீந்துது."

"காலை நல்லாக் கழுவிட்டுப் போட்டா?"

"நம்ம சதையையும் சேத்துக் கிழிக்குமான்னே யாருக்கும் தெரியலையே. இன்னும் கண்ணாடிக் குடுவையைத் தாண்டல."

போறப்ப ஒண்ணு சொன்னாரு. கடைசிப் பாத்தியில தண்ணி ரோஸ் கலரா மாறுதே, அதுவே உப்புல வாழுற நுண்ணுயிருங்கதானாம். உப்புலயும் கிருமி வாழும்மான்னு ஓடிப்போய் அம்மாகிட்ட சொன்னேன். "வெயிலு பட்ட கலருடி அது"ன்னு சொல்லிட்டு பாத்தியில இறங்கிட்டாங்க. அறிவியல் அவுட்டு. அண்ணே, இனி யாருகிட்ட போயி என்னன்னு கேக்கிறது?

நாளைக்கு அவங்க எழுந்திருக்கிறதுக்குள்ள உப்பு வாருற பலகையை ஒளிச்சு வைக்கப் போறேன். பக்கத்துப் பாத்தியில இரவல் வாங்குவாங்க, தெரியும். அதையும் ஒளிப்பேன். அம்மா அடியில முதுகு வீங்கும், வீங்கட்டும். ஜெயிப்பேன்னு தோணல. ஆனா உன்னை விட்ட மாதிரி அவங்களைச் சும்மா விட மாட்டேன், சத்தியம்.

ஊருக்கெல்லாம் வாலு,
உனக்கு மட்டும் தங்கச்சி